48 நாள் முடிகிறது... 49-வது நாள் ஏன் முடிவதில்லை? - போதைக்குப் பின்னால் இருக்கும் மனசு!

கொடைக்கானல் மலைச்சாலையில் பெருமாள்மலையில் பிரிந்து, கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது அடுக்கம். காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மலைக்கிராமம். மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் மண் சரிந்து பாதை மூடிக்கொள்ளும். எட்டிப்பார்த்தால் பெரியகுளம் கண்ணில் தெரியும். ஆனால், ஆஸ்பத்திரிக்கு இறங்குவது என்றால் அது ஒரு நாள் வேலை.

தை மாதம் நெருங்கும்போது பழநி மலைத்தொடரின் ஊர்களில் ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். இந்த மலையின் அடிவாரத்தில்தானே பழநி முருகன் இருக்கிறார்! தைப்பூசத்துக்கு மாலை போட்டவர்கள் விடியற்காலையில் குளிக்கிறார்கள், காலில் செருப்பு இல்லை, அசைவம் இல்லை, பேச்சில்கூட ஒரு நிதானம் வந்துவிடுகிறது. முக்கியமாக, குடி இல்லை. நேற்றுவரை சாயங்காலம் ஆனால் குவார்ட்டர் இல்லாமல் தூங்காதவர், ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பாதயாத்திரை முடிகிறது. மாலையைக் கழற்றுகிறார்கள். சிலர் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே மறுபடியும் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"மாலை போட்டிருந்தப்ப மட்டும் எப்படிங்க முடிஞ்சுது? அப்ப நீங்க வேணும்னேதான குடிக்கிறீங்க?" - அடுக்கத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல லட்சம் வீடுகளில் மனைவிமார்கள் கேட்கும் கேள்வி இது. கேட்பவருக்கும் பதில் தெரியாது, கேட்கப்படுபவருக்கும் தெரியாது.

'திமிர்', 'மன உறுதி இல்லாதவன்', 'வளர்ப்பு சரியில்லை' - நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இவைதான். ஆனால், மனிதர்கள் ஏன் போதைக்கு அடிமையாகிறார்கள் என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் உளவியல், வேறு கதை சொல்கிறது. அந்தக் கதை தெரிந்தால், வீட்டில் நாம் நடந்துகொள்ளும் விதமே மாறிப்போகும்.

இடம் மாறினால் மனசு மாறுமா?

1971-ம் ஆண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க ராணுவ வீரர்கள் பலர் ஹெராயின் பழகிவிட்டார்கள் என்ற செய்தி அமெரிக்காவை உலுக்கியது. இவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று அரசாங்கம் பயந்தது. லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர், ஊர் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். போர்முனையில் இருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையாகியிருந்தார். ஆனால், அப்படி அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் 100 பேரில் 5 பேர்தான்!

அதே மனிதர்கள், அதே ஹெராயின். மாறியது இடமும், சுற்றியிருந்த மனிதர்களும், வாழ்க்கையும்.

கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் என்ற உளவியலாளர் 1970-களின் இறுதியில் எலிகளை வைத்து இதையே சோதித்தார். தனிக்கூண்டில் அடைபட்ட எலிகள் மார்ஃபின் கலந்த தண்ணீரை விரும்பிக் குடித்தன. விளையாட இடமும் கூடிவாழத் துணையும் கொண்ட விசாலமான 'எலிப் பூங்கா'வில் இருந்த எலிகள் மார்ஃபின் தண்ணீரை அவ்வளவாகச் சீண்டவில்லை. பின்னாளில் மற்றவர்கள் இதே சோதனையைச் செய்தபோது எல்லா முறையும் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், 'போதை என்பது பொருளில் மட்டும் இல்லை, கூண்டிலும் இருக்கிறது' என்ற கேள்வியை அது ஆழமாக எழுப்பியது.

இப்போது மாலை போட்டவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஆனால், அவருடைய உலகம் மாறிவிட்டது. பெயரே மாறி 'சாமி' ஆகிவிட்டார். சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் போகும் கால்கள், பஜனைக்குப் போகின்றன. 'ஒரு கட்டிங் போடலாமா' என்று கூப்பிடும் நண்பனே, 'சாமி இருக்காரு, அந்தப் பக்கம் போய்க் குடிங்கடா' என்கிறான். வீட்டில் மரியாதை. கூடவே நடக்கப் பத்துப் பேர். அவருக்குள் புதிதாக மன உறுதி முளைத்துவிடவில்லை. அவரைச் சுற்றி ஒரு வேலி எழுப்பப்பட்டிருக்கிறது. 49-வது நாள் மாலையோடு சேர்த்து அந்த வேலியையும் கழற்றிவிடுகிறோம்.

மணி அடித்தால் எச்சில் ஊறும்!

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவின் நாய்க் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் ஏதாவது ஓர் அறிகுறியை நாய்க்குக் காட்டிப் பழக்கிவிட்டால், பிறகு சாப்பாடே இல்லாவிட்டாலும் அந்த அறிகுறிக்கே நாய்க்கு எச்சில் ஊறும்.

குடிப்பவருக்கும் அந்த 'மணி'கள் உண்டு. கூலி கைக்கு வரும் நாள், ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் போய்த் திரும்பும் நேரம், குறிப்பிட்ட ஒரு பாலத்துத் திண்டு, மிக்சர் பாக்கெட் பிரியும் சத்தம், குறிப்பிட்ட ஒரு நண்பனின் குரல். இவற்றில் ஒன்று பட்டாலே போதும், குடி நினைவுக்கு வருவதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடும். 48 நாள் விரதத்தில் இந்த மணிகள் அடிக்காமல் இருந்தனவே தவிர, அழிந்துபோகவில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் அதே திண்டு, அதே நண்பன். மணி அடித்துவிடுகிறது.

இன்னொரு உளவியலாளரான பி.எஃப்.ஸ்கின்னர் சொன்னது, பரிசுக் கணக்கு. ஒரு செயலுக்குப் பின் இன்பம் கிடைத்தால் அதைத் திரும்பச் செய்வோம். ஒரு செயலால் துன்பம் நீங்கினாலும் திரும்பச் செய்வோம். ஆரம்பத்தில் ஜாலிக்காகக் குடிப்பவர் முதல் வகை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனதும் நடுக்கம் நிற்பவர் இரண்டாம் வகை. இவர் சந்தோஷத்துக்காகக் குடிக்கவில்லை. நடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறார்.

'பிடிக்குது' வேறு, 'வேணும்' வேறு

"சனியனே பிடிக்கலைங்க. ஆனா குடிக்காம இருக்க முடியலை." இப்படிச் சொல்பவரை நாம் நம்புவதில்லை. ஆனால், அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர், எலியின் மூளையில் குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, அதற்கான விசையை எலியிடமே விட்டார்கள். எலி ஓயாமல் விசையை அழுத்திக்கொண்டே இருந்தது. 'மூளைக்குள் இன்ப மையம் இருக்கிறது' என்று உலகம் பேசத் தொடங்கியது.

1993-ல் டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற உளவியலாளர்கள் அதைத் திருத்தினார்கள். பிடிப்பது என்பதும், வேண்டும் என்று மனம் இழுப்பது என்பதும் மூளையில் ஒன்றல்ல, இரண்டு தனித்தனி வேலைகள் என்றார்கள். டோபமைன் என்ற வேதிப்பொருள் முக்கியமாக அந்த 'வேணும்' பக்கத்தைத்தான் இயக்குகிறது. போதைப்பொருள் திரும்பத் திரும்ப உள்ளே போகும்போது 'வேணும்' என்ற இழுப்பு கூர்மையாகிக்கொண்டே போகிறது. 'பிடிக்குது' என்ற சுகமோ கூடுவதில்லை, குறையவும் செய்யலாம். வெறுத்துக்கொண்டே குடிப்பவரின் புதிர் இதுதான்.

'குளிருக்குத்தான் குடிக்கிறேன்!'

மலையில் அதிகம் கேட்கும் காரணம் இது. மதுபானம் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்களை விரிக்கிறது. ரத்தம் மேலே பாய்வதால் கதகதப்பாகத் தோன்றும். ஆனால், அந்த வழியாகவே உடம்பின் உள்சூடு வெளியேறிவிடும். குளிருக்குக் குடிப்பவர், உண்மையில் உடம்பைக் குளிரவைத்துக்கொள்கிறார்.

ஆனாலும், அந்தப் பேச்சில் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. 'எதற்காகவோ' குடிக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-ல் முன்வைத்த கருத்து, 'சுயமருந்து'. போதையைத் தேடுபவர்களில் பலர் இன்பத்தைத் தேடுவதில்லை, தாங்க முடியாத ஏதோ ஒன்றுக்கு மருந்து தேடுகிறார்கள் என்பதே அது. நாள் முழுக்க மலைச்சரிவில் மூட்டை தூக்கிய உடம்பு வலி, கடன், தூக்கமின்மை, நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், பிள்ளையை இழந்த துக்கம், கண்டுபிடிக்கப்படாத மனச்சோர்வு... மருந்து தவறானது. ஆனால், நோய் நிஜம். பாட்டிலை மட்டும் பிடுங்கிவிட்டு, வலியை அப்படியே விட்டால் கை வேறொன்றைத் தேடும்.

அப்பாவின் கிளாஸ்... பிள்ளையின் கண்

குழந்தைகள் நாம் சொல்வதைக் கேட்டுக் கற்பதைவிட, நாம் செய்வதைப் பார்த்துக் கற்பதே அதிகம் என்று காட்டியவர் ஆல்பர்ட் பண்டூரா. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகளும் அதே பொம்மையை அடித்தன என்ற அவருடைய 1961-ம் ஆண்டுச் சோதனை புகழ்பெற்றது.

நம் வீட்டுப் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள்? கல்யாணம் என்றால் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம், துக்கம் என்றால் தெருமுனையில் ஒரு கூட்டம், சம்பள உயர்வுக்கு 'ட்ரீட்', காதல் தோல்விக்கு பாட்டில். 1953-ல் வந்த 'தேவதாஸ்' தொடங்கி நம் சினிமா நாயகர்கள் சோகத்துக்குக் கையில் எடுத்தது என்ன என்று யோசித்தால் போதும். சந்தோஷம், துக்கம், களைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் பையன் பார்த்து வளர்கிறான்.

குழந்தைப் பருவக் காயங்களின் பங்கு இன்னும் பெரிது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற அமெரிக்க மருத்துவர்கள் குழுவாகச் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டவர்களின் சிறுவயது அனுபவங்கள் பதிவாகின. அடி உதை, பாலியல் கொடுமை, அம்மா அடிவாங்குவதைப் பார்த்து வளர்வது, வீட்டில் குடிப்பவர் இருப்பது போன்ற வகைகளில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், குடிநோய்க்கான ஆபத்தில் சுமார் பாதி மரபணு சார்ந்தது என்கின்றன. ஆனால், அது தலையெழுத்து அல்ல. சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் இனிப்பில் கவனமாக இருப்பதுபோல, குடிநோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் முதல் கிளாஸிலேயே கவனமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கொடைக்கானல் காளான் அடிமையாக்குமா?

கொடைக்கானல், போதை என்று சேர்த்துச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 'மேஜிக் மஷ்ரூம்'. அதில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருளை 1958-ல் முதன்முதலில் பிரித்தெடுத்தவர், எல்.எஸ்.டி-யைக் கண்டுபிடித்த அதே ஆல்பர்ட் ஹாஃப்மன்தான். இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. காளானைத் தேடி வருபவர்களையும் விற்பவர்களையும் கொடைக்கானல் போலீஸார் கைது செய்யும் செய்திகள் அடிக்கடி வருவது இதனால்தான்.

ஆச்சர்யமான விஷயம் என்னவென்றால், மதுபானத்தோடும் ஹெராயினோடும் ஒப்பிட்டால் இந்தக் காளான் ஆளை அடிமையாக்கும் தன்மை மிகக் குறைவு. மறுநாளே சாப்பிட்டாலும் அதே அளவு வேலை செய்யாது. விட்டால் கை நடுக்கமும் வருவதில்லை. அதனால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பீதியில் ஓடும்போது பக்கத்தில் இருப்பது மலைப்பள்ளம். மனநோய்க்கான சாத்தியம் உள்ளவர்களுக்கு அது தூண்டுகோலாகலாம். தவறான காளானைப் பறித்தால் கல்லீரலே போய்விடும்.

ஆனால், அடிமைத்தனம் என்ற அளவுகோலில் பார்த்தால், செய்தியில் அடிபடும் காளானைவிட, செய்தியே ஆகாத குவார்ட்டர் பாட்டில்தான் இந்த மலையிலும் சமவெளியிலும் அதிக வீடுகளைப் பிடித்திருக்கிறது. மத்திய சமூகநீதித் துறைக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மது அருந்துபவர்கள் சுமார் 16 கோடிப் பேர். அதில் பாதிப்புக்கு உள்ளாகி உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வகையில் சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது.

மீதி 37 பேர்? 'திமிர் பிடித்தவன்' என்ற பட்டத்தோடு வீட்டில் இருக்கிறார்கள்.

பாட்டில் இல்லாத போதை

'எங்க வீட்டில் யாரும் குடிக்க மாட்டாங்க' என்று நிம்மதியாக இருப்பவர்கள், கையில் இருக்கும் போனைக் கவனியுங்கள். எப்போது பரிசு வரும் என்று தெரியாமல் இருக்கும்போதுதான் ஒரு செயலை விடாமல் செய்வோம் என்றார் ஸ்கின்னர். ஆன்லைன் சூதாட்டம் ஓடுவது இந்த ஒற்றை விதியில்தான். பத்து முறை தோற்று ஒரு முறை ஜெயித்தவர், ஒருபோதும் ஜெயிக்காதவரைவிட ஆபத்தில் இருக்கிறார். பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததால்தான், நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் வீடியோ கேம் அடிமைத்தனம் இடம்பிடித்து, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

'ஒரு மடக்கு... அவ்வளவுதான், போச்சு!'

மறுபடியும் 49-வது நாளுக்கு வருவோம். மாலையைக் கழற்றியவர் ஒரு மடக்கு குடிக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், அவர் மனசு சொல்கிறது, 'விரதம்தான் முடிஞ்சுபோச்சே, இனி என்ன?' ராத்திரிக்குள் பாட்டில் காலி.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரு சறுக்கலைவிட, அந்தச் சறுக்கலைப் பற்றி நாம் நினைப்பதுதான் ஆளை முழுதாகக் கவிழ்க்கிறது என்பது அவர் கண்டது. 'நான் உருப்படாதவன்' என்று நினைப்பவர் அந்த அவமானத்தை மறக்க இன்னும் குடிக்கிறார். 'இன்று தவறிவிட்டேன், எது என்னைத் தள்ளியது?' என்று யோசிப்பவர் மறுநாளே எழுந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் குடும்பம் வருகிறது. சறுக்கிய இரவில், "நீ திருந்தவே மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்று நாம் சொல்லும் வார்த்தை, அவர் மனசு ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் வார்த்தைதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் செய்யக் கூடாதவை.

* பல வருடங்களாக, காலையிலேயே குடிக்கும் அளவுக்குப் போனவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பு, குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போட விரும்பினாலும் இப்படிப்பட்டவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

* 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடி, மாத்திரைகளை வாங்காதீர்கள். குடியை நிறுத்த உதவும் சில மாத்திரைகளோடு மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அது அவருக்குத் தெரிந்து, டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து.

* போதையில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது பேசுங்கள்.

* அவர் அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த உளவியலும் சொல்லவில்லை. காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு, அடிவாங்குவது வேறு. உங்கள், பிள்ளைகளின் பாதுகாப்புதான் முதலில்.

இனி, செய்யக்கூடியவை.

* எந்த நாள், எந்த இடம், யாரோடு, என்ன மனநிலையில் குடிக்கிறார் என்று அவரோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். சம்பள நாளில் கூடவே போய் வருவது, வேறு பாதையில் வீடு திரும்புவது போன்ற சின்ன மாற்றங்கள் 'மணி'யை அடிக்கவிடாது.

* குடிக்கும் நேரத்தில் வேறு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். சும்மா இருக்கும் சாயங்காலம் பழைய இடத்துக்குத்தான் கொண்டுபோகும்.

* தூக்கமின்மை, உடம்பு வலி, மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சேர்த்து சிகிச்சை எடுங்கள். மலையில் இருப்பவர்கள் கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். கீழே தேனி, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

* பாதை மூடிக் கிடந்தாலும் போன் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. குடும்பத்தினரும் கூப்பிடலாம்.

வேலியைக் கழற்றாமல் இருந்தால்?

தமிழ்நாட்டில் இதைத் தன் சொந்த இழப்பிலிருந்து தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். டி.டி.கே மருத்துவமனை என்று இன்று அறியப்படுவது அதுதான். 'குடி ஒரு நோய், குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை' என்பது அதன் வழி. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. டெல்டா மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்தில், பெரிய ஆஸ்பத்திரி இல்லாமலே, ஊர்க்காரர்களின் துணையோடு அந்த அமைப்பு தொடர்ந்து சிகிச்சை முகாம்கள் நடத்தியது. முகாம் முடிந்து வீடு திரும்பியவரைத் தெரிந்தவர்கள், விசாரிப்பவர்கள் அதே ஊரில் இருந்தார்கள் என்பதுதான் அதன் பலம்.

யோசித்துப் பார்த்தால், மாலை போடுவதும் கிட்டத்தட்ட அதே வழிதான். ஒரு புதுப் பெயர், ஒரு புது வேலை, கூட நடக்கப் பத்துப் பேர், வீட்டில் கொஞ்சம் மரியாதை. நம் ஊருக்கு எப்போதோ தெரிந்துவிட்ட சிகிச்சை. 48 நாளோடு நாம் அதை நிறுத்திவிடுகிறோம், அவ்வளவுதான்.

"மாலை போட்டிருந்தப்ப மட்டும் எப்படிங்க முடிஞ்சுது?" - அடுத்த தைப்பூசம் முடிந்ததும் இந்தக் கேள்வியைக் குற்றச்சாட்டாகக் கேட்காமல், நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டுப் பாருங்கள். "நீங்க எல்லாரும் கூட இருந்தீங்கள்ல..." என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் பதிலிலிருந்து 49-வது நாளைத் தொடங்கலாம்!